கழுதைக்காகத் திரும்பிப் போனவர்

ஜூன் 11
துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புத் துணிகளைக் காயப்போட்டேன். கொடியில் வேறு நிறம் ஏறிப் பத்து மாதமாகிறது. வேலியோரம் எவாந்தியா டீச்சர். மலைமேல் பழைய கல் அரங்கத்தில் ஊர்ப் பெண்கள் ஆகஸ்டில் அந்தக் காலத்து நாடகம் போடுகிறார்களாம்.

“கோரஸ்ல ஒரு ஆள் குறையுது ஸ்தமாதாக்கா. உங்க ஒப்பாரிக் குரல் வேணும். உடுப்பும் கறுப்புதான், தையல் கூலி மிச்சம்.”

சிரிப்பு வந்துவிட்டது. எனக்கா?

ஜூன் 20
ஒத்திகை. ஊரைக் காப்பாற்ற அரசன் மகள் தானே பலியாக நடந்து போகிறாள். ரொட்டிக்கடை மிர்தோதான் அந்தப் பெண். நாங்கள் ஓரமாக நின்று “அளவோடு இரு” என்று பாட வேண்டும். ஒருத்தியும் அவள் கையைப் பிடிக்கக் கூடாதாம். “கோரஸ் புத்தி சொல்லும், குறுக்கே போகாது” என்றாள் டீச்சர். நல்ல கூத்து!

ஜூலை 2
காபி குடிக்கும்போது டீச்சர் விளக்கினாள். பயந்தாங்கொள்ளித்தனம் ஒரு பக்கம், அசட்டுத் துணிச்சல் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் வீரம், அதுதான் நற்குணம் என்று பழைய ஞானிகள் சொன்னார்களாம். எல்லாரும் தலையாட்டினார்கள்.

“அப்போ என் புருஷன் லாம்ப்ரோஸ் எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டேன்.

டீச்சர் காபிக் கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

போன ஆகஸ்ட் காட்டுத்தீயில் நொண்டித் தொதோரிக் கிழவனை முதுகில் சுமந்து ரோட்டில் சேர்த்தார். அதுவரை வீரம். கிழவன் “ஐயோ, என் கழுதை” என்று அழுதான். திரும்பிப் போனார். கழுதை வேறு வழியாகத் தானே வந்துவிட்டது. அவர் வரவில்லை.

ஒரு கழுதைக்காகவா? என்னை ஒரு நிமிஷம் நினைச்சியா மனுஷா?

ஜூலை 3
தொதோரி இன்றும் என்னைப் பார்த்ததும் தெரு மாறிப் போனான். கழுதை மட்டும் நின்று பார்த்தது.

ஆகஸ்ட் 9
நாளை நாடகம். நாத்தனார் வந்தாள். “வருஷ நினைவுப் பூசைகூட முடியலை, அதுக்குள்ள மேடையா?”

“ஒப்பாரி வைக்கத்தானே போறேன்.”

“பல்லு தெரியுதே!”

ஆகஸ்ட் 11
சிரித்துச் சிரித்து இன்னும் வயிறு வலிக்கிறது.

நேற்று கல்படிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. உச்சிப் படியில் தொதோரி, ஒளிந்துகொண்ட மாதிரி. மிர்தோ பலிபீடத்தை நோக்கி நடந்தாள். “அளவோடு இரு” பாடினோம். என்னைத் தாண்டிப் போனாள். அந்த முதுகைப் பார்த்தேன். என்ன ஆச்சோ — கால் தானாப் போயிடுச்சு. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, விடுங்க! நான் சாகணும்!” என்று மிர்தோ கிசுகிசுத்தாள்.

“மாட்டேன் போடி!”

உச்சிப் படியிலிருந்து தொதோரி கத்தினான்: “விடாதே ஸ்தமாதா! இழுத்துப் பிடி!”

அரங்கமே சிரித்தது, அழுதது, எழுந்து நின்றது. டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டாள். நாத்தனார் கைதட்டியதை என் கண்ணால் பார்த்தேன். அரசன் மகள் பலியாகாமலே நாடகம் முடிந்தது.

நடு எது, அளவு எது என்று பார்க்க எங்கே நேரம்? கால் போய்விட்டதே.

உனக்கும் இப்படித்தானா, மனுஷா?

ஆகஸ்ட் 24
வருஷ நினைவு. கோவிலில் பங்கிடக் கோதுமை வேகவைத்து, பாதாமும் சர்க்கரையும் தூவித் தட்டில் வைத்தேன். வாசலில் தொதோரி, கழுதையோடு. தரையைப் பார்த்தபடி, “கனமா இருக்குமே, இது சுமக்கும்” என்றான்.

“நீயும் கூட வா” என்றேன்.

பூசை முடிந்து கோவில் வாசலில் எல்லாருக்கும் கரண்டியால் கொடுத்தேன். கழுதைக்கு மட்டும் அளக்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தேன்.