நாலு வருசத்துப் பூ

1996 பங்குனி 12, செவ்வாய்

எழுத்து எனக்கு மெல்லத்தான் வரும். ஆனாலும் இதை எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

இன்று என் மனைவி பூரணத்தின் திவசம். விடிய எழும்பிப் பார்த்தால், பக்கத்து வீட்டு மரியாவின் வேலியோரம் பனிக்குள் மூன்று வெள்ளைப் பூக்கள் தலை குனிந்து நின்றன. காலையில் படத்துக்குப் பூப் பறிக்க ஊரில் யாரிடமும் கேட்பதில்லை. நானும் கேளாமல் பறித்துப் பூரணத்தின் படத்துக்கு வைத்துவிட்டேன்.

பிறகு மரியா வந்து வெறுந்தண்டைப் பார்த்தபடியே நின்றார். மகள் வதனி போய்க் கதைத்துவிட்டு வந்தாள்.

“அப்பா, உது விதை போட்டு நாலு வருசமாம். இப்பதான் முதன்முதல் பூத்ததாம். நீங்களே பிடுங்கினது?”

“ஓம் பிள்ளை.”

விதைத்த நாள் எனக்கு நல்ல நினைவு. நான் கனடா வந்த மூன்றாம் நாள். அந்த இடத்தை மிதிக்க வேண்டாமென்று மரியா கையால் காட்டினார். தெரிந்திருந்தும் பறித்தேன்.

சாத்திய பூவைத் திருப்பி எடுக்கக்கூடாது. எடுத்தேன். கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, எனக்கு இங்கிலிஷ் வராதபடியால் பூரணத்தின் படத்தையும் கொண்டுபோனேன். மரியா படத்தைக் கனநேரம் பார்த்தார். இரண்டு பூவை எடுத்துக்கொண்டு ஒன்றைக் கிண்ணத்தோடு திருப்பித் தந்தார். பிறகு விரலை ஆட்டி ஏதோ சொன்னார்.

“அடுத்தமுறை கதவைத் தட்டச் சொல்லுறா,” என்று கூட வந்த வதனி சிரித்தாள்.

செடியில் இன்னும் ஒரு மொட்டு இருக்கிறது. இரவைக்குக் கடும் பனியாம். பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, மரியா இன்னும் படுக்கவில்லை. மொட்டுக்கு மேல் எங்கள் வாளியைக் கவிழ்த்துவிடலாம்.

கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான்.