நிறுத்தச் சொன்னது நீதான்

அன்பு அண்ணாத்தே, என்னைக் ‘கன்னிமா’ என்று சுருக்கிக் கூப்பிட்ட ஒரே ஆளே,

நீ போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பாயா? எழுத உட்கார்ந்தால் அந்த மில் முதலாளியைத் திட்டியே தாள் தீர்ந்துபோகும். செத்தவனுக்குச் சாபத்தையா அனுப்புவது என்று கிழித்துப் போட்டுவிடுவேன். இப்போது உனக்குச் சொல்லச் சேதி இருக்கிறது.

உன் மகள் மல்லிகா மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வரவேற்பில் நிற்கிறாள். உன் நெற்றி, உன் கோபம். கையில் செல்போன் வைத்திருக்கிறாள்; நீ இருந்திருந்தால் அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுத்திருப்பாய். சதுரங்கப்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பலாம் அத்தை என்று சொன்னவளும் அவள்தான். பொய்யை ஊரே கேட்டது, உண்மையையும் ஊரே கேட்கட்டும் என்கிறாள்.

உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். படிக்கிறவர்களுக்குத் தெரியாதே, பொறுத்துக்கொள்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரைஸ் மில். அங்கே ஸ்டீம் இன்ஜின் ஓட்டினாய். உமியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் வரும் ஆவி சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனோடு சேர்ந்த இரும்புத் தண்டு, சிலிண்டரின் மூடியைத் துளைத்துக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் போய் வரும். தண்டு நுழைகிற அந்த இடத்தில் ஆவி வெளியே சீறாமல் அடைக்க வேண்டும். உன் உயிர் போனது அந்த இடுக்கு வழியாகத்தான்.

அந்த இன்ஜினைச் செய்தவன் அங்கே உலோக வளையங்களை வைத்திருந்தான். ஒவ்வொரு வளையமும் மூன்று துண்டு. மூன்றையும் சுற்றி ஒரு ஸ்பிரிங். தண்டு உரசி உரசித் துண்டுகள் தேயும். தேயத் தேய ஸ்பிரிங் அவற்றை உள்ளே நெருக்கும். தானாகவே இறுகிக்கொள்ளும் வளையம். ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் ஸ்பானரோடு யாரும் போக வேண்டிய வேலையே இல்லை.

தேய்மானத்துக்கும் ஒரு முடிவு உண்டு. துண்டுகள் காகிதமாக மெலிந்து உடைந்தபோது, ஒரு துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் எங்கள் லேத் பட்டறைக்கு வந்தாய். என் வீட்டுக்காரர் முருகேசன் அதை அளந்து பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றார். நீ போய் முதலாளியிடம் சொன்னாய். “கயிறு இருக்கும்போது வளையம் இன்னாத்துக்கு?” என்று கேட்டானாம்.

அவன் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் ஒரு மரியாதை ஆகிவிடும்.

கயிறு என்றால் எண்ணெயும் கிராபைட்டும் ஊறிய கயிறு. அதைத் தண்டைச் சுற்றித் திணித்து, மேலே ஒரு தட்டை வைத்து, இரண்டு நட்டால் இறுக்க வேண்டும். காலையில் இறுக்கினால் மத்தியானம் தளர்ந்துவிடும். அதிகம் இறுக்கினால் தண்டில் கோடு விழும். கோடு விழுந்தால் இன்னும் சீறும். மறுபடி இறுக்கு. எட்டு மாதம் அப்படித்தான் ஓட்டினாய், அண்ணாத்தே.

அன்று வெள்ளிக்கிழமை. சீற்றம் அதிகமானதும் இன்ஜினை நிறுத்திக் கயிற்றை மாற்றலாம் என்றாய். “லாரி நின்னுகினு கீது. ஓட்டத்துலயே முடுக்கு” என்றான். குனிந்து முடுக்கினாய். ஒரு பக்கத்து நட்டின் மரை கழன்று தட்டு சாய்ந்தது. கயிறு பிய்த்துக்கொண்டு வர, ஆவி உன் முகத்திலும் மார்பிலும் அடித்தது.

நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். வாழையிலையில் படுக்கவைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் என்னைக் கிட்டே கூப்பிட்டு, “கன்னிமா, நான் நிறுத்தச் சொன்னேன். அவரு வேணாம்ட்டாரு” என்றாய். அந்த நிலையிலும் அவனுக்கு ‘அவரு’ போட்டாயே!

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அவன் சொன்னது வேறு. “குடிச்சிட்டு வந்தான் சார். யாரும் சொல்லாமலே நட்டைக் கழட்டினான்.” மில்லில் இரண்டு பேர் ஆமாம் சார் என்று கையெழுத்துப் போட்டார்கள். நீ குடிக்காதவன் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை குடிப்பாய், குடித்தால் எனக்கு மீன் வாங்கி வருவாய். வெள்ளிக்கிழமை நீ குடித்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் வெள்ளிக்கிழமையும் சுலபமாக நம்பும்படி ஆகிவிட்டது. அண்ணிகூட நம்பினாள். மல்லிகாவுக்கு அப்போது ஆறு வயது. நினைவு தெரிந்த நாளாய் அவள் கேட்டது ஒன்றுதான்: குடிகாரன் பொண்ணு. உன் படத்தை அவள் பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்திருந்தாள். உன் திதிக்கு ஒரு வருஷமும் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் நீ சொன்னதை நான் சொன்னால், “அண்ணனை வுட்டுக் கொடுப்பியா நீ?” என்று எழுந்து போய்விடுவாள்.

நான் மில் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டின் மேல் இன்னொரு மாடி கட்டினான்.

அதன் பிறகு நான் பட்டறையில் உட்கார்ந்தேன். நீ கொண்டுவந்த உடைந்த துண்டு அங்கேயே கிடந்தது. அதை வைத்துத்தான் வேலை கற்றேன். முருகேசன் கடைந்து கொடுப்பார். துண்டுகளுக்கு நீலம் பூசித் தண்டின் மேல் உரசி, எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்துச் சுரண்டிச் சுரண்டிப் பொருத்துவது என் வேலை. மதுராந்தகம் பக்கத்து மில்களில் இருந்தெல்லாம் தேடி வந்தார்கள். வேறு யாரும் அந்த வேலையை எடுப்பதில்லை. என்றைக்காவது அவன் வருவான் என்று எனக்குத் தெரியும்.

பதினோராவது வருஷம் வந்தான். காரில் வந்து இறங்கி, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. என் தலை அப்போதே நரைத்திருந்தது. வேலை கேட்டு வருகிறவர்களைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்து, “இன்னாமா, இன்ஜினுக்கு வளையம் நல்லா செய்றீங்களாமே?” என்றான். கயிறு தின்றதில் தண்டு முழுக்கக் கோடு. ஆவி பாதி வெளியே போகிறது, இன்ஜினுக்கு இழுவை இல்லை. இப்போது இன்ஜின் ஓட்டுகிறவன், ஓட்டத்தில் முடுக்க மாட்டேன் என்று மல்லுக்கு நிற்கிறானாம்.

“செஞ்சி தரேன்” என்றேன்.

அவன் போனதும் முருகேசன், “வேணாம்டி, அந்த ஆளு சங்காத்தமே வேணாம்” என்றார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு வாரம் தாங்கி, பிறகு அறுந்துபோகிற ஸ்பிரிங் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ கொண்டுவந்த பழைய துண்டின் அளவுக்கு அப்படி ஒன்றைச் செய்தேன். சாம்பல் நிறத்தில், பார்க்க நல்ல ஸ்பிரிங் மாதிரியே இருந்தது. அதைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் அளவெடுக்க மில்லுக்குப் போனேன். இன்ஜின் ஓட்டுகிறவன் பெயர் ஏழுமலை. முப்பது வயது இருக்கும். நீ நின்ற அதே இடத்தில், கைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றான். முழங்கை வரை பழைய கொப்புளத் தழும்பு. கேட்காமலே எனக்கு ஒரு டீ வரவழைத்தான்.

“பாத்து நில்லுக்கா. இந்த எடத்துல முன்ன ஒருத்தரு செத்துட்டாராம்.”

“எப்டி?”

“குடிச்சிட்டு வந்து நட்டைக் கழட்டினாராம். நான்தான் குடிக்கிறதில்லியே, எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு மொதலாளி சொல்லிகினே கீறாரு. எனக்கு என்னவோ மனசு ஒப்பலக்கா.”

அண்ணாத்தே, பதினோரு வருஷம் அந்தப் பொய் உன் பெயரை மட்டும்தான் கெடுத்தது என்று நினைத்திருந்தேன். அது இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. உன்னைக் காட்டியே இன்னொருவனை அந்த இடத்தில் நிற்கவைத்துக்கொண்டிருந்தது. என் ஸ்பிரிங் அறுந்தால் ஆவி அடிக்கப்போவது யார் முகத்தில்? மாடியில் உட்கார்ந்திருக்கிறவன் முகத்திலா?

“அவரு என் அண்ணன். அன்னைக்கு அவரு குடிக்கல” என்றேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். ஏழுமலை கையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டுக் கடைசி வரை கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஸ்பிரிங்கை எடுத்துச் சம்மட்டியால் அடித்து நசுக்கினேன். என் கோபம் தணிந்தது என்று நினைத்துவிடாதே. அதை எங்கே செலுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். தண்டைக் கழற்றி வரவழைத்துப் புதிதாகக் கடைந்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல வளையம் நான் செய்ததில்லை.

மாட்டுகிற அன்று மல்லிகாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஏன், எதற்கு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தாள். பதினேழு வயது. காலையிலிருந்து வேலை. வளையங்களைப் பொருத்தி, மூடியை இறுக்கி முடித்தபோது மில் ஆட்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். வாசலில் லாரி நின்றது. அவனும் வந்து தூரமாகத் தூண் ஓரம் நின்றான்.

ஏழுமலை வால்வில் கை வைத்தான். திருகவில்லை.

“மொதலாளி, நீங்க இங்க வந்து நின்னாத்தான் தொறப்பேன்.”

“இன்னாடா பேஜாரு பண்ற? தொற!”

நான் அவன் எதிரில் போய் நின்றேன். “என்னைத் தெரியுதா? தேவராஜ் தங்கச்சி. இது அவரு பொண்ணு.”

அவன் முகம் வெளிறிப்போனதை நீ பார்த்திருக்க வேண்டும்.

“எங்கண்ணன் குடிச்சதாலதான் செத்தாருன்னு சொன்னீங்க. நீங்க இப்ப குடிக்கலியே? வந்து நில்லுங்க. வளையம் நான் செஞ்சதுதான்” என்றேன். கடைசி வார்த்தையை மெதுவாகச் சொன்னேன்.

அத்தனை பேர் பார்க்கிறார்கள். போகவும் முடியாது, நிற்கவும் முடியாது. வந்து நின்றான். ஏழுமலை திருகினான். சக்கரம் சுற்றத் தொடங்கியது. புது வளையம் முதல் சில நிமிஷம் லேசாக ஊதும், தண்டோடு பழகியதும் அடங்கிவிடும். அது எனக்குத் தெரியும், ஏழுமலைக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. மூடி ஓரத்தில் புகை மாதிரி ஆவி வந்ததும் கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

“நிறுத்து! டேய், நிறுத்துடா!”

“நிறுத்தாத ஏழுமலை. லாரி நின்னுகினு கீது” என்றேன்.

பின்னால் நகரப் பார்த்தான். மில் ஆட்கள் நெருங்கி நின்றிருந்தார்கள், ஒருவரும் வழி விடவில்லை. உனக்கு எதிராகக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் அங்கே இருந்தார், கிழவராகி. அவரும் நகரவில்லை.

“அன்னிக்கு நிறுத்தச் சொன்னது யாரு?” என்று கேட்டேன்.

“அவன்தான்... தேவராஜ்தான் சொன்னான். நான்தான் வேணாம்னேன். அவன் குடிக்கல. போதுமா? நிறுத்தச் சொல்லுமா!”

மல்லிகா என் கையை விட்டுவிட்டு அவன் முன்னால் போனாள். “இன்னொரு வாட்டி சொல்லு” என்றாள். சொன்னான். அதற்குள் ஆவி அடங்கிவிட்டது. இன்ஜின் எண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடியது. அவன் சட்டை முழுக்க நனைந்திருந்தது, வியர்வையில்தான். அவன் உடம்பில் ஒரு கொப்புளமும் இல்லை.

இருவரில் மிச்சமிருந்த அந்தப் பெரியவர் கையெழுத்தோடும் மற்றவர்கள் கையெழுத்தோடும் மனு எழுதிக் கொடுத்தோம். பழைய ஃபைல் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. அரசாங்கக் காகிதத்தில் நீ இன்னும் குடிகாரன்தான், அண்ணாத்தே. அது என் நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது. ஆனால் உன் படம் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. திதிக்கு மல்லிகாவே வந்து வடை சுட்டாள். ஓட்டத்தில் ஸ்பானர் எடுக்க அந்த மில்லில் இப்போது ஒருத்தனும் சம்மதிப்பதில்லை.

அதோடு விட்டுவிட்டேன் என்று நினைக்கிறாயா? அந்த இன்ஜினின் ஓட்டத்துக்கு வருஷத்துக்கு ஒரு முறை வளையம் மாற்ற வேண்டும். என்னை விட்டால் ஆளில்லை. போன வருஷம் மானேஜரை அனுப்பினான், திருப்பி அனுப்பினேன். அவனே வந்தான். மாட்டினேன், ஏழுமலை வால்வைத் திறக்கும் முன் அவனை அதே இடத்தில் நிற்கவைத்தேன், எல்லார் முன்னாலும் மறுபடி சொல்லவைத்தேன். போகும்போது கேட்டான்: “இன்னும் எத்தினி வருசம்மா?”

நான் ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டேன்.

மன்னித்துவிடு என்று முருகேசன் சொல்கிறார். மன்னிக்கிற உரிமை உன்னுடையது. நீதான் இல்லையே, நான் யாரைக் கேட்பது?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் விரல் மடங்குகிற வரைக்கும் அந்த வளையத்தில் ஒரு குறையும் வைக்க மாட்டேன். ஏழுமலை உடம்பில் ஒரு சொட்டு ஆவி படாது. அந்த முதலாளி மட்டும் ஒவ்வொரு வருஷமும் இந்த வளையம் நல்லதா கெட்டதா என்று தெரியாமல், நீ நின்ற இடத்தில் நின்று நடுங்குவான். இந்தக் கடிதத்தை அவனும் படிப்பான் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும். நான் எழுதியதை அவனால் நம்ப முடியாது.

உன் கூடப்பிறந்தவள்,
கன்னியம்மா