அக்கா, உன் முன்பல்லைப் பற்றி

வாயைப் பொத்திக்கொண்டே சிரித்துப் பழகிய என் செல்ல அக்கா செல்விக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க முடியாது. நானும் நல்லாயில்லை. ஒரு வாரமாக யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன். வீட்டில் என் பொண்டாட்டி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். சிறுசேரி ஷட்டில் வண்டியில் ஏறுகிற ஐ.டி. பிள்ளைகள்கூட "டிரைவர் அண்ணனுக்கு இன்னா ஆச்சு?" என்று கிசுகிசுக்கிறார்கள். யாரிடம் சொல்ல? உன்னிடம்தான் சொல்லணும். எல்லாம் உன்னால்தானே!

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதல் வருஷம் கும்பிடுகிறோம். ஃபிளெக்ஸ் வைக்க உன் மகள் திவ்யா ஒரு போட்டோ கொடுத்திருந்தாள். அச்சடிக்கும் முன்னால் கடைக்காரர் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பார்த்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மகாபலிபுரத்தில் உன் சிப்பிக் கடை வாசலில் நின்று வாய் நிறையச் சிரிக்கிறாய். உன் உடைந்த முன்பல் முழுசாக இருக்கிறது.

இருந்தவரைக்கும் பாதிப் பல்லோடு இருந்தவளுக்கு, செத்த பிறகு கம்ப்யூட்டரில் பல் ஒட்டுகிறானா ஒருத்தன்? யாரைக் கேட்டு ஒட்டினான்? பைக்கை எடுத்துக்கொண்டு நேராகச் செங்கல்பட்டுக் கடைக்குப் போனேன்.

"எங்க அக்கா பல்லு மேல கை வெக்க நீ யாருய்யா?"

"இன்னா அண்ணாத்த, வந்ததும் வராததுமா கத்திகினு கீற? பின்னாடி தொங்கிகினு இருந்த சிப்பி மாலைய அழிச்சேன், பூ வெச்சேன், அவ்ளோதான். பல்ல நான் தொடவே இல்ல. இந்தா, பாப்பா அனுப்புன போட்டோ. நீயே பாத்துக்கோ."

பார்த்தேன். அதிலும் அதே முழுப் பல்தான். விரலால் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். மானமே போச்சு. வெளியே வந்து உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பல்லா மச்சான்? உங்க அக்கா பாண்டிங் பண்ணிகினாளே, அப்போ எடுத்தது. காய்ச்சல் வர்றதுக்குப் பத்து நாளு முன்னாடி. உனக்குத் தெரியாதா?"

"எனக்கு யாரு மாமா சொன்னது?"

"உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னா. நேர்லதான் காட்டுவேன்னா. நீதான் வரவே இல்லியே. அப்பால அவளே போயிட்டா. அதுக்கு மேல பல்லப் பத்தி எவன் பேசுவான்?"

அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். பல்லை ராவவில்லை, ஊசிகூடப் போடவில்லையாம். பல் நிறத்தில் பசை மாதிரி ஒன்றை அடுக்கடுக்காக வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்து, வழவழவென்று தேய்த்துவிட்டார்களாம். ஒரு மணி நேர வேலையாம் அக்கா! டீ குடித்தால் நிறம் மங்கும் என்று டாக்டரம்மா சொன்னதால் நீ டீயைக்கூட விட்டுவிட்டாயாம். அந்த டாக்டரம்மா வெள்ளை வெளேரென்று ஒரு நிறத்தை எடுத்துக் காட்டியபோது நீ சொன்னாயாமே: "அதெல்லாம் வேணாம் டாக்டர். பக்கத்துப் பல்லு மாதிரி மஞ்சளாவே வைங்க. என் தம்பி பாத்தா, இது ஒடையவே இல்லியோன்னு நெனைக்கணும்."

ஜி.எஸ்.டி. ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பல்லை உடைத்தவன் நான்தானே. எனக்கு எட்டு வயசு, உனக்குப் பதினொன்று. அடிபம்பில் நான் அடிக்க, நீ குனிந்து குடத்தை நகர்த்தினாய். விளையாட்டாகக் கைப்பிடியை விட்டேன். அது எகிறி உன் வாயில் அடித்தது. "வழுக்கி வுழுந்துட்டேம்மா" என்று அம்மாவிடம் நீ சொன்னாய். ரத்தம் ஒழுகின வாயோடு நின்ற உனக்கு முதுகில் இரண்டு அடி விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா உன்னிடம் "சிரிச்சித் தொலையாத" என்று சொன்னபோதும் திறக்கவில்லை.

போன வருஷம் "பல்லச் சரி பண்ணிக்கலாம்னு கீறேன், கூட வாடா" என்று நீ கூப்பிட்டாய். "நாப்பது வயசுக்கு மேல உன்ன எவன் பொண்ணு பாக்க வரப்போறான்?" என்றேன். எப்படிப்பட்ட வாய் எனக்கு! அப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, "ஒரு தபா வந்துட்டுப் போடா" என்றாய். "டியூட்டி கீதுக்கா" என்றேன். ஒரு டியூட்டியும் இல்லை. படுத்துத் தூங்கினேன். கூடுவாஞ்சேரியிலிருந்து மகாபலிபுரம் என்ன அமெரிக்காவா? அடுத்து நான் உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உன் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. அதற்கடுத்துப் பார்த்தபோது வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

உனக்கும் கொழுப்புதான். ஒரு போட்டோ அனுப்பியிருக்கக் கூடாதா? "நாயே, வந்து பாருடா" என்று ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? நேரில் காட்டி என்ன சொல்வதாக இருந்தாய்? போனால் போகிறது என்றா? இல்லை, இத்தனை வருஷக் கடுப்பையும் சேர்த்துக் கொட்டவா? எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேனே அக்கா.

நேற்று அம்மாவிடம் அந்தப் போட்டோவைக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் பழைய பாட்டையே ஆரம்பித்தாள்: "அன்னிக்கி பம்பாண்ட ஆட்டம் போடாம இருந்திருந்தா, எம்பொண்ணு கடசி வரைக்கும் இப்டி சிரிச்சிகினு இருந்திருப்பா." தட்டில் இருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். படையல் போட்டு எல்லாரும் கும்பிட்டு முடித்ததும், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அம்மாவிடம் சொல்லப்போகிறேன், "அவ வுழல, நான்தாம்மா கைப்பிடிய வுட்டேன்" என்று. அம்மா அடிப்பாள். அழுவாள். என் கையால் சோறு வாங்கமாட்டேன் என்றுகூடச் சொல்வாள். சொல்லட்டும். நீ இத்தனை வருஷம் வாங்கின திட்டு என்னுடையது அக்கா. இனிமேல் நான் வாங்கிக்கொள்கிறேன், சத்தியமாக.

இப்படிக்கு,
உன் பல்லை உடைத்த தம்பி,
ஏழுமலை