சின்னக் கோடு

குட்டிம்மா,

சாப்பாடு மேஜைமேல் மூடி வைத்திருக்கிறேன். சுடவைத்துச் சாப்பிடு, சோம்பல்பட்டு அப்படியே விழுங்காதே. எனக்கு இன்று பிற்பகல் ஷிஃப்ட். வார்டை விட்டு வர ஒன்பதாகும்.

ஆறு மணிக்கு அப்பா வருவார். கட்டிலடியில் இருக்கும் பெட்டியைக் கொடுத்துவிடு. ஆபீஸ் பக்கத்திலேயே ரூம் எடுத்திருக்கிறார். வேலை அதிகம், கொஞ்ச நாளைக்குத்தான். வீட்டுச் சாவியை நீயாகக் கேட்காதே. அவரே வைத்துவிட்டுப் போனால் ஆணியில் மாட்டு.

கணக்குப் பேப்பரைப் பார்த்து நேற்று அம்மா அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனாலும் கூட்டுத் தொடர்வரிசையில் ஆறு கணக்கு, ஆறிலும் எண்கள் குறைந்துகொண்டே போகின்றன. ஒன்றில்கூடப் பொது வித்தியாசத்துக்கு முன்னால் கழித்தல் குறி இல்லையென்றால் கோபம் வராதா? "சின்னக் கோடுதானேம்மா, அதுக்குப் போய் இப்படிக் கத்துறியே" என்று வேறு கேட்டாய்.

இடம் போதாமல் தாளைத் திருப்பினேன். உன் ரஃப் நோட்டிலிருந்து அவசரத்தில் கிழித்த தாள். பின்னால் நீ எழுதியிருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

'அப்பா வீட்டில் தூங்கிய நாட்கள், மாதவாரியாக: 24, 20, 16, 12, 8, 4. முதல் உறுப்பு 24. பொது வித்தியாசம் −4. ஏழாவது உறுப்பு 0.'

வேலை அதிகம் என்று முன்பக்கம் எழுதியதை அடித்துவிட்டேன். நான் மட்டும்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன், கண்ணு.

பரீட்சையில் ஒரு கணக்குக்கும் போடாத அந்தச் சின்னக் கோட்டை, இதில் மட்டும் சரியாகப் போட்டிருக்கிறாய்.