என் மனசு திடமாகத்தான் இருக்கிறது

மார்ச் 4

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? எனக்கு உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு இன்னும் நின்றபாடில்லை. தோல் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோல்ல ஒண்ணும் இல்லம்மா. புருஷன் வெளிநாட்டுல, நீங்க தனியா. மனசுதான் அரிக்குது" என்று மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிவிட்டார். லீவு கேட்க அதைக் காட்டினேன். பஸ் டிப்போ மேலாளர் என்னை ஓட்டுநர் வேலையிலிருந்தே இறக்கி, விசாரணை ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார். நீங்களாவது என்னை நம்புகிறீர்களா?

உங்கள் வாயாடி

மார்ச் 19

அன்புள்ள வாயாடிக்கு,

நான் சுகம். கப்பல் பட்டறையில் வேலை பிழிந்தெடுக்கிறது. படித்த டாக்டர் சும்மா சொல்வாரா? எதையாவது மனசில் போட்டு உழப்பிக்கொள்வது உன் சுபாவம்தானே. அந்த மனநல டாக்டரையும் பார்த்துவிடு. மாத்திரை கொடுத்தால் அடம்பிடிக்காதே.

உன் நலம் விரும்பும் புருஷன்

ஏப்ரல் 11

அன்புள்ள உங்களுக்கு,

போனேன். "எனக்குப் பைத்தியம்னு எழுதப் போறீங்களா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். மனநல டாக்டரம்மா சிரித்துவிட்டார். எப்போது அரிக்கிறது, உடம்பு களைக்கிறதா என்று பொறுமையாக விசாரித்தார். கண் இமையை இறக்கிப் பார்த்தார். "உங்க மனசு திடமா இருக்கு. எனக்கு உங்க ஈரல் மேலதான் சந்தேகம்" என்று ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

ஈரலில் பித்தக் குழாய்கள் பழுதாகி வருகின்றனவாம். அடியோடு குணமாகாது, மருந்தால் கட்டுப்படுத்தலாமாம். பயந்துதான் போனேன். ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியபோது தலை தானாக நிமிர்ந்தது. நேரே டிப்போவுக்குப் போய், "சார், எனக்கு வந்திருக்கறது ஈரல் நோய். வண்டி எப்ப கொடுப்பீங்க?" என்றேன்.

உங்கள் வாயாடி

மே 2

என் அன்பு வாயாடிக்கு,

கடிதம் படித்ததிலிருந்து வேலையில் கை ஓடவில்லை. உடம்பை நினைத்தால் கவலை. ஆனால் பட்டறை முழுக்க, "என் பொண்டாட்டி தோல் டாக்டரையே தோக்கடிச்சிட்டா" என்று சொல்லித் திரிகிறேன். போர்மேன்கூட எனக்குக் கைகொடுத்தார். லீவு போட்டு வரட்டுமா?

உன் புருஷன்

மே 20

அன்புள்ள உங்களுக்கு,

பெருமையடித்துக்கொண்டது சந்தோஷம். மார்ச்சில் நீங்கள் எனக்கு எழுதியதையும் அவர்களிடம் சொன்னீர்களா?

மருந்தில் அரிப்பு பாதி அடங்கிவிட்டது. ஈரல் பார்க்கும் பெரிய டாக்டர் பரிசோதித்து, பஸ் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். நேற்று ஸ்டியரிங்கைப் பிடித்தேன். மார்க்கெட் முனையில், நிறைந்த பஸ்ஸை ஒரே வீச்சில் திருப்பினேன். "அக்கா, கை கொஞ்சம்கூட மறக்கலையே!" என்றார் கண்டக்டர்.

லீவு போட்டு வாருங்கள். ஆறுதலெல்லாம் வேண்டாம். முன் சீட்டில் உட்கார்ந்து, நான் ஓட்டுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தால் போதும்.

உங்கள் மனைவி,
ஓட்டுநர்