அண்ணனோட தூங்கற செல்லு

மார்ச் 3, செவ்வாய்
காலைலயே வெயில் கொளுத்துது. டெட்டால் ஊத்தி அண்ணன் ரூமத் தொடச்சேன். ரிக் வண்டில ஒடிசா, சத்தீஸ்கர்னு போர்வெல் போடப் போனவன். காய்ச்சல் வந்தா ஒரு ஊசி, மறுநாளே ராடு தூக்கறது. எத்தன மலேரியா. இப்ப எலும்பு மஜ்ஜைல ரத்தமே ஊறல. சேலம் ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்தி ஊட்டுக்கு அனுப்பிருக்காங்க. என்ற மஜ்ஜை அவனுக்குச் சேருமான்னு ரிசல்ட் வரணும்.

மத்தியானம் ஒரு ரிசர்ச் பேப்பர், ட்ரான்ஸ்லேட்ல போட்டுப் போட்டுப் படிச்சேன். செம்ம. ரத்தத்த உண்டாக்கற ஸ்டெம் செல்லுல பெரிய தலைங்க எல்லாம் சும்மா தூங்குது. தூங்கறதாலதான் தீராம இருக்குது. காய்ச்சல்னா இன்டர்ஃபெரான்னு ஒரு சிக்னல் போயித் தட்டி எழுப்புது. அடிக்கடி எழுப்புனா களைச்சுருது, செலது திரும்பித் தூங்கறதே இல்ல.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வால்பேப்பர் வெச்சேன். அப்பறம் அண்ணன் தண்ணி கேட்டான். வால்பேப்பர மாத்திட்டேன்.

மார்ச் 5, வியாழன்
ரிசல்ட். முழுசாச் சேருதாம். அடுத்த வாரம் அட்மிட். அம்மா அழுதுச்சு.
அண்ணன்: "உன்றது ஏறுனா நானும் ஓயாம பேசுவனா?"
மலேரியாவாலயான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். "அப்படிச் சொல்லிர முடியாதும்மா. வெள்ளணு ரொம்பக் கம்மி. சளி கூடப் புடிக்கக் கூடாது, அதப் பாரு."
கேட்ல பேப்பர் ஒட்டுனேன், ‘யாரும் உள்ள வராதீங்க.’ அம்மா கிழிச்சுட்டுது. "பாக்க வாரவங்கள வாசல்ல நிறுத்துனா, நாளைக்கு நம்மூட்டு நல்லது கெட்டதுக்கு ஆரு சாமி வருவாங்க?"

மார்ச் 7, சனி
ரிக் ஓனர் மாமா வந்தாரு, அம்மாவுக்குப் பெரியம்மா பையன். ஹார்லிக்ஸ், திராட்சை. மூக்கு ஒழுகுது. மாஸ்க் நீட்டுனேன்.
"ஏஞ்சாமி, நானென்ன திருடனா?"
அம்மா என்னைய மொறச்சுது. மாமா கட்டில்லயே உக்காந்து அண்ணன் கையப் புடிச்சுட்டு அழுதாரு. நல்ல மனுசன்.

மார்ச் 9, திங்கள்
அண்ணனுக்குக் காய்ச்சல். நூத்திரண்டு. கார்ல சேலம். சங்ககிரி தாண்டியும் அம்மா அவன் நெத்தில ஈரத்துணிய மாத்திக்கிட்டே வந்துச்சு.

மார்ச் 10, செவ்வாய்
ஊசி ஏறுது. காய்ச்சல் எறங்காம என்ற மஜ்ஜைய ஏத்த மாட்டாங்களாம். "மொதல்ல இதத் தாண்டட்டும்"னாரு டாக்டர்.
மாமா வந்தாரு. அம்மா ரூம் கதவ மறிச்சு நின்னுட்டுது. "போயிருங்கண்ணா." அவரும் போயிட்டாரு.
அண்ணன்: "நீ படிச்சுச் சொன்னியே, அந்தத் தூங்கற செல்லு, எங்கிட்ட இன்னும் மிச்சம் இருக்குமா?"
"இருக்கும்ண்ணா."
"செரி"ன்னு கண்ண மூடிக்கிட்டான்.
எனக்குத் தெரியாது. எந்தப் பேப்பர்லயும் அவனப் பத்தி இல்ல.