நாற்பத்து மூன்றாம் பக்கத்துக் கேள்விக்குறி

மஞ்சு கண்ணு,

முனைவர் மஞ்சுளா என்று தொடங்கலாமா என யோசித்தேன். கை வரவில்லை. நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்னும் அந்தப் பட்டத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. செத்துப்போனவள்மேல் பொறாமைப்படுகிற ஒருத்தி இந்த ஓசூரில் இருக்கிறாள் என்றால் அது நான்தான்.

இங்கே எல்லாம் அப்படியேதான். எலக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலம் கட்டுகிறார்கள். நீ பெங்களூர் போய்வந்த வருடங்களில் அந்த ரோட்டு நெரிசலில் நின்றே பாதி ஆராய்ச்சியை முடித்ததாகச் சொல்வாயே, இனி யாரும் அப்படிச் சொல்ல முடியாது. கல்லூரியில் டேட்டாபேஸ் பாடம் இன்னும் நான்தான் எடுக்கிறேன். "மேடம், மஞ்சுளா மேடம் உங்க கிளாஸ்மேட்டாமே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு போர்டு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எம்.சி.ஏ.வில் முதல் மதிப்பெண் நான், இரண்டாவது நீ. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் இரண்டு பேருக்கும்தான் கிடைத்தது. "திருநெல்வேலில இருந்து இம்புட்டுத் தூரம் பொழைக்க வந்ததே போதும்ளா, இன்னும் பார்டர் தாண்டணுமா?" என்றார் அப்பா. நான் நின்றுவிட்டேன். தளியில் கோஸும் சாமந்தியும் பயிர் செய்கிற உன் வீட்டில் ஒருவரும் உன்னைத் தடுக்கவில்லை. அன்றைக்குத் தொடங்கிய எரிச்சல் இது.

தகவலைச் சேமித்து வைக்கிற கணினி, நேரத்தை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உன் ஆராய்ச்சி. போன மாதம் நடந்ததை இன்றைக்குக் கேட்டால் அது சரியாகச் சொல்ல வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டாக ஒரு தொழிற்சாலையின் உற்பத்திப் பதிவை எடுத்துக்கொண்டாய். கம்பெனிக்குள் காலே வைக்காத நீ, லேத் ஓட்டுகிறவர் மகளான என்னிடம் உன் ஆய்வேட்டின் வரைவைக் கொடுத்தாய்.

"கோமு, நீ ஒருவாட்டி பாத்துடு. கம்பெனி விஷயத்துல தப்பு இருந்தா எனக்குத் தெரியாது கணே" என்றாய். கணே என்று தோழியைக் கன்னடத்தில் கூப்பிடும்போது உன் குரலில் ஒரு கெஞ்சல் வரும். நான் உன்னைவிட நாற்பது நாள் மூத்தவள், அக்கா என்று கூப்பிடு என்றால் மட்டும் கூப்பிட மாட்டாய்.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் தப்பு இருந்தது. மூன்றாவது ஷிப்ட் இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடியும். நடுவில் காலண்டர் தேதி மாறினாலும், விடியும்வரை செய்த வேலையெல்லாம் முந்தைய நாள் தேதியில்தான் பதிவாகும். என் அப்பாவுக்கும் எங்கள் தெருவிலிருந்த அத்தனை வீட்டு ஆண்களுக்கும் இது தெரியும். நீ நள்ளிரவோடு தேதியை வெட்டிவிட்டிருந்தாய். அதனால் அதற்குப் பிறகு வந்த அட்டவணைகள் எல்லாமே தப்பு.

பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு அழித்துவிட்டேன்.

"நல்லா இருக்குடி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியும். நீ ஒரு தடவையாவது விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

விழுந்தாய். உங்கள் துறைக் கருத்தரங்கில், முன்பு கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பேராசிரியர் எழுந்து, "மூணாவது ஷிப்ட்டு எந்தத் தேதிம்மா?" என்று கேட்டாராம். அத்தனை பேர் முன்னால் உன் அட்டவணைகள் எல்லாம் அங்கேயே சரிந்தனவாம். பத்து மாத வேலையைத் திரும்பச் செய்தாய். அந்த நாட்களில் போனில் அழுதாய். நானும் ஆறுதல் சொன்னேன், மஞ்சு. எவ்வளவு நன்றாகச் சொன்னேன் தெரியுமா?

ஆனால் நீயோ அந்தத் தப்பையே பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டாய். காலண்டரின் தேதி ஒன்று, வேலை செய்கிறவர்களின் தேதி ஒன்று, இரண்டையும் கணினி சேர்த்தே வைத்திருக்க வேண்டும் என்று ஒரு முறையைக் கண்டுபிடித்தாய். வெளிநாட்டு மாநாட்டுக்கு விமானம் ஏறினாய். செய்தித்தாளில் படத்தோடு வந்ததை எங்கள் கல்லூரி முதல்வர் வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். மறுநாள் செய்முறைத் தேர்வு அட்டவணையை அதன்மேல் குத்தியது நான்தான். போர்டில் வேறு இடம் நிறைய இருந்தது.

உன் மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகும் நீ வேலையை விடவில்லை. அதற்கும்கூடப் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புவாயா?

போன ஞாயிறு தளிக்குப் போயிருந்தேன். உன் அம்மா ஒரு பையை என் கையில் கொடுத்து, "இது உனக்குன்னு பேரெழுதி வச்சிருக்காம்மா. எனக்கு என்னா தெரியும், நீயே எடுத்துக்கோ" என்றார். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்தேன்.

மேலே இருந்தது அந்தப் பழைய வரைவு. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், நான் அழித்த இடத்தைச் சுற்றி நீ பேனாவால் வட்டம் போட்டிருந்தாய். பென்சிலின் தடம் லேசாகத் தெரிந்தது. பக்கத்தில் உன் கையெழுத்தில், "கோமு இங்க எழுதி அழிச்சிருக்கா." அதற்குக் கீழே வேறு மையில், "கேக்க வேணாம்."

எப்போது பார்த்தாய்? கருத்தரங்கு முடிந்து வந்தபோதா? எல்லாம் தெரிந்துகொண்டுதான் போனில் என்னிடம் அழுதாயா? கேட்டிருக்கலாமே, கணே. சண்டை போட்டிருக்கலாம். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டு உன் மடியில் விழுந்து அழுதிருப்பேன். இப்போது யார் மடியில் விழுவது?

பையில் இன்னொன்றும் இருந்தது. நீ முடிக்காமல் விட்ட புதிய கட்டுரை. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள், உன்னுடையதும் என்னுடையதும். என் பெயரை இரண்டாவதாகப் போட்டிருக்கிறாய். முதலில் அழுதேன். அழுது முடித்ததும் ஏன் இரண்டாவது என்றும் தோன்றியது. திருந்தாத ஜென்மம் என்று நீ சிரிப்பது கேட்கிறது.

நான்கு நாளாக அதைத்தான் படிக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது, மஞ்சு. காலையில் மாற்றி விடுகிற ஆள் வராவிட்டால், மூன்றாவது ஷிப்ட்காரர் அதே மெஷினில் தொடர்ந்து நிற்பார். அவர் வீட்டுக்குப் போகும்வரை ஒரே தேதி என்று நீ எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் கேட்டேன். "அதெப்படி? ஆறு மணி சங்கு ஊதிட்டா தேதி மாறிரும்ளா. ஆளு மாறலன்னாலும் தேதி மாறிரும்" என்றார்.

பக்கத்தின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். கீழே சரியான பதிலும் எழுதியிருக்கிறேன். பேனாவால்.

அட்டவணைகளை நானே திருத்தி, இந்த மாதத்துக்குள் ஆய்விதழுக்கு அனுப்பிவிடுகிறேன். உன் பெயர் முதலில்தான் இருக்கும். மாற்ற மாட்டேன், சத்தியமாக. நாளைக்கு வகுப்பில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் கதையையும் சொல்லப் போகிறேன். இந்த முறை போர்டு பக்கம் திரும்பிக்கொள்ள மாட்டேன்.

வயிற்றெரிச்சல் இன்னும் தீராமல்,
நாற்பது நாள் மூத்தவள், நீ ஒருநாளும் கூப்பிடாத
உன் கோமு அக்கா